மலைக்கு அந்தப் பக்கம் பன்றியைச் சுடலாம், இந்தப் பக்கம் முடியாதா?

தென்காசி மாவட்டம் கடையம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ராத்திரியானால் காட்டுப்பன்றி, விடிந்தால் மயில். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் பஞ்சாயத்துத் தலைவரே பன்றியைச் சுட உத்தரவு போடுகிறார். ஜல்லிக்கட்டுக்கு ஒரே வாரத்தில் சட்டம் கொண்டுவந்த நம்ம அரசாங்கம் இதற்கும் ஒன்று கொண்டுவந்தால் என்ன? மிருகங்கள் விஷயத்தில் மாநிலத்துக்கு எவ்வளவுதான் அதிகாரம் இருக்கிறது?"

அண்ணாச்சி, பன்றிக்குப் புதுச் சட்டமே தேவையில்லை. இருக்கிற மத்தியச் சட்டத்திலேயே மாநிலத்துக்கு வழி வைத்திருக்கிறார்கள். நம் அரசு அந்தக் கதவைப் பாதிதான் திறந்திருக்கிறது. மயில் கதை வேறு. அதில் சட்டமன்றம் லேசில் கைவைக்க முடியாது. ஏன் இப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அதிகாரம் யாரிடம் என்று பார்ப்போம். காடும் காட்டு விலங்கும் ஒரு காலத்தில் முழுக்க மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலம் சட்டம் போடும் விஷயங்களில் இருந்தவை. 1873இலேயே சென்னை மாகாணம் காட்டு யானைகளைக் காக்கத் தனிச் சட்டம் போட்டது. அதற்கு முன்பு யானையைக் கொன்றவனுக்குச் சன்மானம் கொடுத்துவந்த அரசாங்கம்தான் அது. முண்டந்துறையைச் சரணாலயமாக 1962இல் அறிவித்ததும் மாநில அரசுதான். மத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குப் பத்து வருஷம் முன்பு. 1972இல் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் போட்டபோதும், மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் போட முடிந்தது. 1976இல் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து காட்டையும் காட்டு விலங்கையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. விலங்குவதைத் தடுப்பு ஆரம்பத்திலிருந்தே பொதுப் பட்டியல். பொதுப் பட்டியல் என்றால் இரண்டு அரசும் சட்டம் போடலாம். ஆனால் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு முட்டினால் மத்தியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமென்றால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அரசியலமைப்பின் 254ஆவது பிரிவு இது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்றால் நடைமுறையில் டெல்லி அமைச்சரவையின் சம்மதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பன்றி. 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, எந்த விலங்குக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று வகை பிரிக்கும் அட்டவணைகளை ஆறிலிருந்து நான்காகக் குறைத்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. காட்டுப்பன்றி இப்போது இரண்டாம் அட்டவணை, மயில் முதல் அட்டவணை. எந்த விலங்கை எந்த அட்டவணையில் வைப்பது என்பதை மத்திய அரசுதான் மாற்ற முடியும். 'தீங்குயிரி' என்று குறிப்பிட்ட இடத்துக்கும் காலத்துக்கும் அறிவித்து, யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்று விடும் 62ஆவது பிரிவும் மத்திய அரசின் கையில்தான். 2015, 2016 வாக்கில் பீகாருக்கும் உத்தரகாண்டுக்கும் காட்டுப்பன்றி விஷயத்தில் அப்படி அறிவித்தார்கள். கேரளம் திரும்பத் திரும்பக் கேட்டும் கிடைக்கவில்லை.

அப்படியானால் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் எப்படிச் சுடுகிறார்கள்? அதே வனவிலங்குச் சட்டத்தின் 11ஆவது பிரிவை வைத்துத்தான். இரண்டாம் அட்டவணை விலங்கு ஒன்று மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டது என்று மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அலுவலர் கருதினால், காரணத்தை எழுத்தில் காட்டி, அதைக் கொல்ல உத்தரவிடலாம். சொத்து என்பதில் நிலத்தில் நிற்கும் பயிரும் அடங்கும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. கேரளம் 2022இல் என்ன செய்தது என்றால், ஊராட்சித் தலைவர்களையும் நகராட்சித் தலைவர்களையும் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக்கி அந்த அதிகாரத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டது. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவரை அழைத்துத் தலைவர் சுடச் சொல்லலாம். சட்டமன்றம் கூட வேண்டியிருக்கவில்லை, ஒரு அரசாணையில் முடிந்துவிட்டது. அதற்கு மேலும் போய், 2025 அக்டோபரில் வனவிலங்குச் சட்டத்துக்கே கேரளத் திருத்த மசோதா ஒன்றை அங்கே நிறைவேற்றினார்கள். அது வேறு கணக்கு. நான் மேலே சொன்ன ஒப்புதல் இல்லாமல் அது சட்டமாகாது.

நம் மாநிலம் சும்மா இருந்துவிடவில்லை. 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை ஆட்கள் சுடலாம். சுடுவது வனத்துறைதான், விவசாயி இல்லை.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. வரைபடத்தை மேசையில் விரித்து வட்டம் போட்டால் இது அழகாகத்தான் இருக்கும். ஆனால் சிவசைலம் மாதிரி மலையடிவார ஊர்களில் நிலம் காட்டு விளிம்பை ஒட்டியேதான் தொடங்குகிறது. அதிகம் அடிபடுகிறவன் சுடக் கூடாத வளையத்துக்குள் இருக்கிறான். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்குப் பன்றி வருவது குறைவு. வந்தாலும் அங்கேயே ஓடைப்புதரிலும் குளத்துக் கருவேலத்திலும் தங்கி இனம் பெருக்கும் பன்றிதான். அந்தப் பன்றியைக் குறைப்பதில் இந்த ஆணை உதவும், மறுக்கவில்லை. காட்டோரத்தில் சுடாமல் விட்டதற்கும் ஒரு நியாயம் சொல்கிறார்கள்: புலிக்கும் சிறுத்தைக்கும் பன்றி இரை. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். இரை குறைந்தால் சிறுத்தை ஆட்டுக் கிடைகளுக்கும் வீட்டு வாசலுக்கும் வரும். பாபநாசம் அடிவாரத்து ஊர்க்காரர்களைக் கேட்டால் சிறுத்தை பற்றி அவர்களே சொல்வார்கள். அதனால் அந்த ஒரு கிலோமீட்டர் விதியை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். அங்கே சுடக் கூடாது என்றால் அங்கே வேலிக்கும் இழப்பீட்டுக்கும் முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அது சரியாக நடக்கவில்லை.

வாழைத் தோட்டத்தில் பன்றி புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோபம் புரியும். தாரைத் தொடாது. அடியில் மூக்கைக் கொடுத்துக் கிழங்கை நோண்டும், மரம் தானாகச் சாயும். பத்து மாதம் தண்ணீர் பாய்ச்சிய மரம், முட்டுக்கொடுத்த கம்போடு கிடக்கும். நெல்லில் தின்பது கொஞ்சம்தான். படுத்து உருளுவதில் போவதுதான் அதிகம். பழைய சேலையை வரப்பு நெடுக வேலியாகக் கட்டுகிறோம், சலூனில் முடி வாங்கிவந்து தூவுகிறோம். நாலு நாள் பயப்படும், ஐந்தாம் நாள் சேலைக்கு அடியில் புகுந்து வந்துவிடும்.

இந்த எரிச்சலில் சிலர் இரண்டு காரியம் செய்கிறார்கள், இரண்டும் ஆளை உள்ளே தள்ளும். ஒன்று, நாட்டுவெடியைப் பழத்திலோ மாவிலோ பொதிந்து வைப்பது. பன்றி கடிக்கும் முன் மேய்கிற பசுவும் ஆடும் கடிக்கும். இன்னொன்று, கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்த கரண்டை வேலிக் கம்பியில் விடுவது. இதில் பன்றியை விட முக்கியமாக, தண்ணீர் பாய்ச்சப் போகும் மனுஷன் சாகிறான். வேலி போட்டவர் மேல் வனவிலங்குச் சட்டம், மின்திருட்டு, ஆள் செத்திருந்தால் அதற்கான குற்றவியல் பிரிவு என்று மூன்று பக்கமும் வழக்கு வரும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. அந்த வருஷமே தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் கொண்டுவந்தது. காட்டை ஒட்டிய நிலங்களில் புதிதாகச் சோலார் வேலி போட வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். முன்பே போட்டிருந்தால் பதிவு செய்ய வேண்டும். விதிப்படியான வேலியில் கரண்ட் தொடர்ந்து ஓடாது. பேட்டரிப் பெட்டியிலிருந்து ஒரு விநாடிக்கு ஒரு தடவை 'டக்' என்று ஒரு துடிப்பு மட்டும் கம்பியில் போகும். தொட்டால் தூக்கிப் போடும், கொல்லாது. உங்கள் வேலி பதிவாகாமல் இருந்தால் முதலில் அந்த வேலையை முடியுங்கள். நாளைக்கு உங்கள் வேலியருகே ஒரு மிளா மான் செத்துக் கிடந்தாலும் அதிகாரி முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

"நான் என் பயிரைக் காப்பாற்றத்தானே அடித்தேன்" என்பது நீதிமன்றத்தில் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காக்க, நல்லெண்ணத்தில் காட்டு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்று 11ஆவது பிரிவு சொல்கிறது. பயிர் அந்த விலக்கில் இல்லை. பயிருக்கு அதிகாரியின் எழுத்து உத்தரவு வேண்டும். அப்படி முறையாகச் செத்த பன்றியும் அரசாங்கச் சொத்து. கறிக்கு ஆசைப்பட்டால் வேறு வழக்கு. இரண்டாம் அட்டவணை விலங்குக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். முதல் அட்டவணை என்றால் குறைந்தது மூன்று வருஷம், ஏழு வரை போகும், அபராதமும் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது.

மயில் அந்த முதல் அட்டவணை. 1963 முதல் தேசியப் பறவை. முதல் அட்டவணை விலங்கைக் கொல்ல உத்தரவிட வேண்டுமானால் அது மனித உயிருக்கு ஆபத்தாகியிருக்க வேண்டும், அல்லது தேறாத அளவுக்கு அடிபட்டோ நோய்ப்பட்டோ இருக்க வேண்டும். பயிர் என்ற சொல்லே அந்த உட்பிரிவில் கிடையாது. குருவிகுளம், சங்கரன்கோவில் கரிசலில் உளுந்து முளைவிடும்போது மயில் கூட்டமாக இறங்கினால் திரும்ப விதைக்க வேண்டியதுதான், தெரியும். ஆனால் விஷம் தடவிய தானியம் போட்டு மாட்டிக்கொண்டால் ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும். சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் அர்த்தம் நாம் நினைப்பதை விட அகலம்: வலை வைப்பது, துரத்துவது, கூட்டைக் கலைப்பது, முட்டையை உடைப்பது எல்லாமே அதில் வரும். தோட்டத்து வேலியோரம் மயில் முட்டையிட்டிருந்தால் எடுத்து எறிந்துவிடாதீர்கள். கன்னி, சிப்பிப்பாறை நாய்களைக் கூட்டிக்கொண்டு முயல் விரட்டப் போகும் பையன்களுக்கும் இதே பேச்சுதான். அதைப் படம்பிடித்துப் பெருமையாகப் போடுகிறார்கள், அந்தப் படமே சாட்சியாகிவிடுகிறது.

சரி, ஜல்லிக்கட்டு எப்படிச் சாத்தியமாயிற்று? அதுவும் முதல் முறையிலேயே நடக்கவில்லை. 2009இல் மாநிலம் ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் போட்டது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 1960ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தோடு அது முட்டுகிறது, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் இல்லை. 2017 ஜனவரியில் மெரினாவிலும் ஊர் ஊருக்கும் கூட்டம் கூடியபோது, தனிச் சட்டம் போடாமல் அந்த 1960 சட்டத்திலேயே தமிழ்நாட்டுக்கான திருத்தம் கொண்டுவந்தார்கள். 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி மசோதா, மாதக் கடைசியில் ஒப்புதல். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. உங்கள் யோசனைக்கு அரசியலமைப்பில் இடமிருக்கிறது என்பதற்கு இது அத்தாட்சிதான். டெல்லி தலையசைக்காமல் நடக்காது என்பதற்கும் இதுவே அத்தாட்சி. அந்த ஒரு வாரத்தில் டெல்லி ஏன் தலையசைத்தது என்று உங்களுக்கும் தெரியும். தேசியப் பறவையைச் சுட ஒப்புதல் கொடுங்கள் என்று கேட்டால் அந்த வேகம் வரும் என்று நான் நம்பவில்லை.

ஒரு துணைச்செய்தி. அந்தத் திருத்தத்தில் ஜல்லிக்கட்டு என்பதற்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா என்று பெயர் சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கம் அதிகம் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தின் பெயர் அதில் இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தயம் வைக்கும் விழாக் குழுக்கள் "அதான் ஜல்லிக்கட்டுக்கே சட்டம் வந்துட்டே" என்று அனுமதி வாங்காமல் இருப்பது தப்பு.

கொடை என்றதும் ஞாபகம் வருகிறது. மாநிலச் சட்டம் நம் ஊருக்குள் நேராக நடந்துவந்த ஒரு காலம் உண்டு. கோயில்களில் ஆடு கோழி பலியிடத் தடை விதிக்கும் சட்டம் 1950 முதலே சென்னை மாகாணத்தில் இருந்தது. அரை நூற்றாண்டு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஊரெல்லாம் மேய்ந்துகொண்டிருக்கிறது, கொடைக்கு நாள் குறித்தாயிற்று, கோயில் வாசலில் போலீஸ். முருங்கைக்கீரையும் சர்க்கரைப் பொங்கலும் படைத்து மாடனைச் சமாளிக்கச் சொன்னால் சாமியாடும் எந்தக் கோமரத்தாடி கேட்பார்? எதிர்ப்பு கிளம்பியது, 2004இல், மக்களவைத் தேர்தலுக்கு முன்பே, அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். மத்திய விலங்குவதைச் சட்டத்தின் 28ஆவது பிரிவும், ஒரு சமயம் வேண்டும் முறைப்படி விலங்கைக் கொல்வது அந்தச் சட்டத்தின்படி குற்றமாகாது என்று விலக்குக் கொடுக்கிறது. உயிர்ப்பலி நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு நான் இப்போது வரவில்லை. ஊர் ஏற்காத சட்டம் ஐம்பது வருஷம் தூங்கும், எழுப்பினால் ஆறே மாதத்தில் போய்விடும் என்பதை மட்டும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டு விஷயத்தில் 1958ஆம் வருஷத்து மாநில விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் இருக்கிறது. பத்து வயதைத் தாண்டி, உழவுக்கும் இனவிருத்திக்கும் ஆகாது என்று சான்று வாங்கிய மாட்டைத்தான் அறுக்கலாம். 2017 மே மாதம் மத்திய அரசு சந்தைகளில் அறுப்புக்கு மாடு விற்கத் தடைவிதிகள் போட்டபோது, மேலப்பாளையம் சந்தை மாதிரி இடங்களில் வியாபாரிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒரே வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் அதற்கு முதல் இடைக்காலத் தடை கொடுத்தது. பிறகு உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் ஆக்கியது.

சட்டமன்றம் கூடாமலே மாநிலம் செய்யக்கூடியது இன்னொன்று இருக்கிறது, அதுதான் நம் நெல்லை ஜில்லாவில் அதிகம் நடந்திருக்கிறது: அரசிதழில் ஒரு அறிவிப்பு. கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயம், கங்கைகொண்டான் 2013இல் புள்ளிமான் சரணாலயம், 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம், 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகம். இவற்றில் எனக்குப் பிடித்தது சின்னஞ்சிறு திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். 2002இல் வனவிலங்குச் சட்டத்தில் 'பாதுகாப்புக் காப்பகம்' என்று புது வகை ஒன்றைச் சேர்த்தார்கள். சரணாலயம் மாதிரி ஊர்க்காரனை வெளியே நிறுத்தாமல், அவனைக் கலந்து பேசி அரசு நிலத்தில் அறிவிப்பது. 2005இலேயே இந்த மூன்று ஹெக்டேர்கூட இல்லாத இடத்தை அப்படி அறிவித்துவிட்டார்கள். கூந்தன்குளத்திலும் சட்டத்துக்கு முன்பே ஊர் காத்தது. தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பார்கள். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம். பறவைக்கும் விவசாயிக்கும் கணக்கு ஒத்துப்போன இடங்கள் இவை. பன்றி விஷயத்தில் அந்தக் கணக்கு இன்னும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

கோயில் யானை பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும், நெல்லையப்பர் கோயில் காந்திமதி 2025 ஜனவரியில் இறந்த பிறகு எல்லோரும் கேட்கிறார்கள். வளர்ப்பு யானையைப் பராமரிக்கத் தமிழ்நாட்டுக்கென்று 2011ஆம் வருஷத்து விதிகள் உள்ளன. புதிதாக யானை வாங்குவதை 2023இல் மதுரைக் கிளை தடுக்கச் சொன்னது. அதற்கு மாறாக, 2022 மத்தியத் திருத்தம் மதக் காரியத்துக்கு யானையைக் கைமாற்றலாம் என்று வழிவிட்டிருக்கிறது. இது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

உங்கள் வேலைக்கு வருவோம். சேதம் நடந்த அன்றே, சாய்ந்த மரத்தையும் குளம்புத் தடத்தையும் தேதி தெரியப் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் அந்தப் பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாத பயிருக்கு இழப்பீடு கேட்டால் அங்கேயே நின்றுவிடும். வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். நகலை ஆட்சியர் அலுவலகத்து விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுங்கள். தனியாகப் போவதை விடப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போவது நல்லது, ஏனென்றால் 11ஆவது பிரிவு உத்தரவு ஒரு தோட்டத்துக்கு என்று வராது, ஒரு பகுதிக்கு என்றுதான் வரும். மனுவில் சர்வே எண்ணோடு, காப்புக்காட்டு எல்லைக் கல்லிலிருந்து உங்கள் நிலம் எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள். சுடுவதா, கூண்டு வைப்பதா, வேலிக்கு மட்டும் கேட்பதா என்பது அந்தத் தூரத்தைப் பொறுத்துத்தான்.